பதின்மூன்று எழுத்துகள்

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை அந்தமானைத் தாக்கியபோது, போர்ட் பிளேரில் ஒரு ஹாம் வானொலிக் குழு ஏற்கெனவே முகாமிட்டிருந்தது. உலகெங்கும் உள்ள சக ஆர்வலர்களோடு தொடர்புகொள்ளும் மகிழ்ச்சிக்காக அங்கே போயிருந்தவர்கள் அவர்கள். தொலைபேசித் தொடர்புகள் அறுந்துபோன அந்த நாள்களில் தீவுக்கும் தலைநிலத்துக்கும் இடையே செய்தி சுமந்தவர்களாக மாறினார்கள். ஹாம் வானொலி என்றதும் நம்மில் பலருக்கு மனத்தில் தோன்றும் படம் இத்தகையதுதான்: இரைச்சலுக்கு மேலாக ஒலிவாங்கியில் உரக்கப் பேசும் ஒரு மனிதர். இன்னும் கொஞ்சம் பழையதை நினைப்பவர்களுக்கு மோர்ஸ் சாவியைத் தட்டும் விரல் தோன்றலாம்.

இவ்விரண்டையும் தவிர மூன்றாவது வழி ஒன்று உண்டு. குரலும் வேண்டாம், தட்டவும் வேண்டாம். எழுத்தை எந்திரத்திடம் கொடுத்து வானலையில் அனுப்புவது. ஹாம்கள் இதனை ‘டிஜிட்டல் மோட்’ என்கிறார்கள். எண்முறை என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். தேர்வெழுதி உரிமம் பெற்று, தமக்கென ஓர் அழைப்புக்குறியும் பெற்று, எந்த வணிக நோக்கமும் இல்லாமல் வானொலியில் உரையாடும் இந்தக் கூட்டத்தாருக்கு எழுத்தின் மீது என்ன அக்கறை என்று வாசக நண்பர்கள் கேட்கக்கூடும். என் பார்வையில், எழுத்தைப் பற்றிக் கவலைப்படுகிற எவரும் படிக்க வேண்டிய வரலாறு இது. ஓர் எழுத்தை அனுப்ப மிகக் குறைவாக எவ்வளவு செலவழித்தால் போதும் என்று ஒன்றரை நூற்றாண்டாகச் சிலர் கணக்குப் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். கணக்கு நேர்த்தியாக ஆக, எழுதுவதற்கான விஷயம் குறைந்துகொண்டே வந்தது.

கதையை அச்சகத்திலிருந்து தொடங்க வேண்டும். 1844 மே 24 அன்று வாஷிங்டனுக்கும் பால்டிமோருக்கும் இடையே சாமுவேல் மோர்ஸ் தந்தி அனுப்பிக் காட்டினார். அவருடைய கூட்டாளி ஆல்ஃபிரட் வெயில், குறிகளை வகுக்கும் வேலையின்போது நியூ ஜெர்சியின் மாரிஸ்டவுனில் ஒரு செய்தித்தாள் அச்சகத்துக்குப் போய், அச்சுக்கோப்பவரின் பெட்டியில் எந்த எழுத்துக்கு எத்தனை ஈய அச்சு இருக்கிறது என்று எண்ணிப் பார்த்ததாகச் சொல்வார்கள். அதிகம் புழங்கும் எழுத்துக்கு அதிக அச்சு. அதற்கே குறுகிய குறி. ஆங்கிலத்தில் மிகுதியாக வரும் ‘ஈ’ என்ற எழுத்துக்கு ஒரே ஒரு புள்ளி கிடைத்தது அப்படித்தான். குறிகளை வகுத்தவர் மோர்ஸா வெயிலா என்ற வழக்கு இன்னும் ஓயவில்லை. நமக்கு அது முக்கியமில்லை. அச்சுப் பெட்டிதான் முக்கியம்.

மாத்திரைக் கணக்கு தெரிந்த தமிழருக்கு மோர்ஸ் அவ்வளவு அந்நியமாகத் தோன்றாது. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்பது நம் கணக்கு. புள்ளிக்கு ஒன்று, கோட்டுக்கு மூன்று, எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே மூன்று, சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே ஏழு என்பது அவர்கள் கணக்கு. ஒன்று வாயிலிருந்து பிறந்தது, மற்றது ஈயப் பெட்டியிலிருந்து. மௌனத்துக்கும் அளவு வைத்தது என்ற வகையில் மோர்ஸ் ஒரு படி கறாரானது என்றும் சொல்லலாம்.

1874இல் பிரான்சின் தந்தி ஊழியர் எமில் போதோ இந்த அச்சகக் கணக்கைத் தூக்கி எறிந்தார். எந்திரத்துக்கு ஏற்றத்தாழ்வு பிடிக்காது. ஆகவே எல்லா எழுத்துக்கும் ஒரே நீளம். உண்டு அல்லது இல்லை என்ற ஐந்து அடையாளங்கள். அவருடைய கருவியில் பியானோக் கட்டைகள்போல ஐந்து விசைகள் இருந்தன. இடக்கையின் இரண்டு விரல்களும் வலக்கையின் மூன்று விரல்களும் சேர்ந்து ஓர் எழுத்தை அமுக்க வேண்டும். ஐந்து அடையாளங்களைக் கொண்டு 32 சேர்க்கைகள்தாம் ஆகும். எழுத்துகளுக்கே 26 போய்விட்டால் எண்களுக்கு எங்கே போவது? அதற்கொரு தந்திரம் செய்தார். ‘இனி வருபவை எண்கள்’ என்று ஒரு குறி, ‘இனி வருபவை எழுத்துகள்’ என்று இன்னொரு குறி. அதற்குப் பின் ஒரே சேர்க்கை இடத்துக்கேற்ப இரண்டு பொருள் தரும்.

இந்தத் தந்திரம் பின்னாளில் ஹாம்களிடையே ஒரு தனிப் படிப்பறிவையே உண்டாக்கிற்று. வானலை இரைச்சலில் அந்த மாற்றுக்குறி மட்டும் தொலைந்துவிட்டால் எண்கள் எழுத்துகளாக அச்சாகும். தட்டச்சுப் பலகையின் மேல்வரிசையைப் பார்த்தால் காரணம் விளங்கும்: 5 இருக்குமிடத்தின் கீழ் ‘டி’, 9 இருக்குமிடத்தின் கீழ் ‘ஓ’. ‘உங்கள் சமிக்ஞை மிகத் தெளிவு’ என்று பொருள்படும் 599 என்ற குறிப்பு ‘டிஓஓ’ என்று வந்து விழும். பழக்கப்பட்டவர் கண் அதை 599 என்றே படித்துக்கொண்டு மேலே போகும். புள்ளியிடாத ஓலைச்சுவடியில் மெய்யையும் உயிர்மெய்யையும் சூழலை வைத்தே பிரித்தறிந்த நம் பதிப்பாசிரியர்கள் செய்ததும் ஏறத்தாழ இதே வேலைதான்.

இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் அமெரிக்காவில் இராணுவமும் செய்தி நிறுவனங்களும் கழித்துப்போட்ட தொலையச்சுக் கருவிகள் மலிவாகக் கிடைத்தன. நம் நாளிதழ் அலுவலகங்களில் ஒரு காலத்தில் இரவும் பகலும் தடதடத்துக்கொண்டிருந்த டெலிபிரிண்டரின் சகோதரர்கள்தாம் அவை. ஹாம்கள் அவற்றை வீட்டுக்குத் தூக்கி வந்து வானொலியோடு இணைத்தார்கள். 1953இல் அமெரிக்க அரசு சிற்றலையில் இதை முறைப்படி அனுமதித்தது. வேகம் நிமிடத்துக்கு 60 சொற்கள். ஆர்டிடிஒய் என்ற அதன் பெயரைச் செல்லமாக ‘ரிட்டி’ என்பார்கள். ரிட்டிக்காரர் வீடுகளில் எந்திர எண்ணெயும் காகிதச் சுருளும் நிறைந்திருந்தன. வீட்டார் உறங்க முயலும் நள்ளிரவில், ஆளில்லாத அறையில் எந்திரம் தானாக உயிர்பெற்று வேற்று நாட்டவர் ஒருவரின் கடிதத்தை அச்சடிக்கும். எழுத்துகளையே கோடுகளாகவும் நிழலாகவும் அடுக்கி உருவப்படம் வரைந்து, அதைத் துளைநாடாவில் சேமித்து, ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்ளும் கலையும் அங்கே வளர்ந்தது. மின்னஞ்சலில் புள்ளிகளாலும் கோடுகளாலும் பூவும் பூனையும் வரைந்து அனுப்பிய தலைமுறைக்கு முன்னோடிகள் அவர்களே.

இதற்கிடையில் ஜெர்மனியில் ஒருவர் முற்றிலும் வேறு திசையில் யோசித்திருந்தார். ருடால்ஃப் ஹெல். 1901இல் பிறந்து, நூறு வயது வாழ்ந்து 2002இல் மறைந்தவர். 1929இல் அவர் காப்புரிமை பெற்ற முறையில் எழுத்துக்குக் குறியே கிடையாது. ஏழுக்கு ஏழு கட்டத்தில் எழுத்தின் வடிவத்தை வரைந்து, அதன் கருப்பு வெள்ளைப் புள்ளிகளைப் பத்தி பத்தியாக அனுப்பிவிடுவார். மறுமுனையில் நகரும் காகித நாடாவில் அந்த வடிவம் அப்படியே விழும். ஒவ்வொரு வரியும் மேலும் கீழுமாக இரண்டு முறை அச்சாகும். இரு கருவிகளின் வேகமும் சற்றுப் பிசகினால்கூட ஒரு வரியாவது முழுமையாகத் தெரிய வேண்டும் என்பதற்காக. போரில் ஜெர்மானியப் படை இதைக் களக்கருவியாகச் சுமந்து திரிந்தது. போருக்குப் பின் ஐரோப்பிய ஹாம்கள் கைக்கு வந்தது.

எனக்கு இந்த முறைமீது ஒரு தனிப்பிரியம் உண்டு. மற்ற முறைகளிலெல்லாம் இரைச்சல் புகுந்தால் எந்திரம் தவறான எழுத்தைக் கூசாமல் அச்சடித்துவிடும். ஹெல்லின் எந்திரமோ எதையும் தீர்மானிப்பதில்லை. மங்கிய வடிவத்தை, சுற்றிலும் சிதறிய கறைகளோடு, அப்படியே நம்முன் வைக்கிறது. தேய்ந்த கல்வெட்டின் மசிப்படியைப் படிப்பதுபோல நம் கண்தான் படிக்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. குறியீட்டுப் பட்டியலே இல்லாததால் எந்த மொழியின் எழுத்தும் அதற்குச் சமம். ரோமன் எழுத்துக்காரர்கள் வகுத்த இந்த வரலாறு முழுவதிலும், யாரிடமும் அனுமதி கேளாமல் தமிழ் எழுத்து நுழையக்கூடிய வாசல் அது. ஏழு புள்ளி உயரத்துக்குள் ‘ணை’யும் ‘ஞூ’வும் என்ன பாடுபடும் என்பது வேறு விஷயம். கட்டத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

1978இல் இரண்டு தனித்தனி முயற்சிகள் நடந்தன. கனடாவின் மான்ட்ரியல் நகரில் ஹாம்கள் கணினிச் செய்திகளைப் பொட்டலம் பொட்டலமாக வானொலியில் அனுப்பத் தொடங்கினார்கள். அது வளர்ந்து 1980களில் அஞ்சல் பெட்டிகளும் அறிவிப்புப் பலகைகளுமாகப் பரவி, இணையம் வந்ததும் பெரும்பாலும் அடங்கிற்று. ஏறக்குறைய அதே சமயத்தில் இங்கிலாந்தில் பீட்டர் மார்ட்டினெஸ் என்ற பொறியாளர், கப்பல்கள் பயன்படுத்திவந்த முறையொன்றை ஹாம்களுக்கேற்ப மாற்றி ஆம்ட்டார் என்று பெயரிட்டார். அதில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஏழு அடையாளங்கள். நான்கு ஒரு வகை, மூன்று மறுவகை. இந்த நான்கு மூன்று விகிதம் குலைந்து வந்தால் வழியில் பிழை நேர்ந்துவிட்டது என்று எந்திரமே அறியும். மூன்று எழுத்தை அனுப்பிவிட்டு நிற்கும். ‘சரி’ என்று பதில் வந்தால் அடுத்த மூன்று. இல்லையேல் அதே மூன்று மறுபடியும். வானொலியில் கேட்டால் சில்வண்டு ஒலிப்பதுபோல் இருக்கும். பிழையில்லாத எழுத்து கிடைத்தது.

இந்த மார்ட்டினெஸ்தான் இருபது ஆண்டுகள் கழித்துத் தம் கையாலேயே அதைக் கைவிட்டார் என்பது இக்கதையின் அழகான திருப்பம். பிழை திருத்தும் எந்திரம் உரையாடலைக் கெடுக்கிறது என்பது அவர் கண்டது. இருவருக்கிடையே மட்டும் அது பூட்டிக்கொள்கிறது. மூன்றாமவர் வந்து கலந்துகொள்ள முடியாது. எழுத்துகள் நின்று நின்று, பிறகு கொத்தாக வந்து விழுகின்றன. எதிரில் ஒரு மனிதர் இருந்து தட்டச்சு செய்கிறார் என்ற உணர்வே போய்விடுகிறது. ஓரிரு எழுத்து தவறினால் என்ன, பேச்சில் நாம் அதை நிரப்பிக்கொள்வதில்லையா? போலந்துக்காரர் பாவெல் ஜலோகா முன்பே செய்து பார்த்திருந்த ஒரு முறையை எடுத்துக்கொண்டு, 1998 டிசம்பரில் சாதாரணக் கணினியின் ஒலியட்டையில் இயங்கும் மென்பொருளாக இலவசமாக வெளியிட்டார். பெயர் பிஎஸ்கே31. அதிலுள்ள 31, நொடிக்கு 31.25 அடையாளங்கள் என்பதைக் குறிக்கும். அதைவிட வேகமாக அனுப்ப அவரால் முடியாமலில்லை. மனிதக் கை தட்டச்சு செய்யும் வேகத்துக்கு அது போதும் என்பதால் அங்கேயே நிறுத்திக்கொண்டார். ஒரு பொறியாளர் விரலின் வேகத்தை அளவாக வைத்தார் என்பதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

எழுத்துக் குறிகளை வகுக்க அவர் திரும்பிப் போனது வெயிலின் அச்சகத்துக்கு. ஆங்கில உரைநடையைக் கணினியில் அலசி, அதிகம் வரும் எழுத்துக்குக் குறுங்குறி, அரிய எழுத்துக்கு நெடுங்குறி. சொல்லிடைவெளிக்கு 1, ‘ஈ’க்கு 11, ‘டி’க்கு 101. எந்தக் குறிக்குள்ளும் இரண்டு சுழி அடுத்தடுத்து வராது. இரண்டு சுழி வந்தால் எழுத்து முடிந்தது என்று பொருள். ஆங்கிலப் பெரிய எழுத்துகளுக்கெல்லாம் நீண்ட குறி என்பதால் சிறிய எழுத்தில் எழுதுவதே அங்கே மரியாதை ஆயிற்று. ஒரு குரல் உரையாடலுக்கு ஏறத்தாழ 3,000 ஹெர்ட்ஸ் அகலம் வேண்டும். இதற்கு அறுபது போதும். ஒருவர் பேசும் இடத்தில் பல பத்துப்பேர் எழுதலாம். திரையில் அருவிபோல் வழியும் காட்சியில் ஒவ்வொரு மெல்லிய கோடும் ஓர் உரையாடல். ஒரு கோட்டைச் சுட்டினால் ஓர் இத்தாலியர் தம் தோட்டத்து மழையைப் பற்றி ஒரு ஜப்பானியரிடம் எழுத்தெழுத்தாகச் சொல்லிக்கொண்டிருப்பது தெரியும். தவறாகத் தட்டி அழிப்பதுகூடத் தெரியும்.

அந்தப் பொற்காலம் நீளவில்லை. அதைக் கெடுத்தது வேறொரு தொழில்நுட்பம் அல்ல, சோம்பல்தான். மென்பொருள்களில் முன்கூட்டியே எழுதி வைத்த பத்திகளை ஒரே விசையில் அனுப்பும் வசதி இருந்தது. என் பெயர் இது, என் கணினி இது, என் ஆன்டெனா இது. எதிர்முனையும் தன் பத்தியை அமுக்கும். இரு மனிதர்கள் தம் விலாச அட்டைகளை மாற்றிக்கொண்டு விடைபெற்றார்கள். பின்னால் வந்தவற்றைத் திட்டுபவர்கள் இதை வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

அந்தப் பின்னால் வந்தது ஓர் இயற்பியலாளரிடமிருந்து வந்தது. ஜோசஃப் டெய்லர், 1974இல் ரசல் ஹல்ஸோடு இரட்டைத் துடிப்பு விண்மீனைக் கண்டறிந்து, அதற்காக 1993இல் நோபல் பரிசு பெற்றவர். சிறுவயதிலிருந்தே ஹாம். விண்வெளியின் ஆழத்திலிருந்து வரும் மிகமெல்லிய துடிப்பை இரைச்சலிலிருந்து பிரித்தெடுப்பதே தொழிலாக இருந்தவர், அதே கலையை ஹாம் வானொலிக்குக் கொண்டுவந்தார். 2001இல் எரிகற்கள் விட்டுச்செல்லும் கணநேரத் தடத்தில் அலையைத் தெறிக்கவைத்துப் பேச ஒரு மென்பொருள். 2003இல் நிலவில் மோதித் திரும்பும் அலையில் பேச ஜேடி65. போய்வர இரண்டரை நொடி ஆகும் அந்தத் தொலைவில் தப்பி வருவது துளியளவு ஆற்றல்தான். பெருந்தட்டு ஆன்டெனா இல்லாதவர்கள் நிலவைத் தொட வேண்டுமானால் சொல்லைச் சுருக்கியாக வேண்டும். அங்கே அது முற்றிலும் நியாயம்.

2017 ஜூலையில் ஸ்டீவ் ஃபிராங்க், டெய்லர் இருவரின் முதலெழுத்துகளையும் எட்டுச் சுரங்களையும் சேர்த்து எஃப்டி8 என்ற பெயரில் அந்தச் சுருக்கக்கலை சாதாரணச் சிற்றலைக்கு வந்தது. சில மாதங்களில் மற்ற எண்முறைகளையெல்லாம் ஓரங்கட்டிவிட்டது. அதன் கணக்கைப் பார்த்தால் யாருக்கும் வியப்பு வரும். ஒரு செய்திக்கு இப்போது 77 இருமங்கள் மட்டுமே. ஓர் அழைப்புக்குறிக்கு 28 வீதம் இரண்டு. இருக்குமிடத்துக்கு 15. உலகப்படத்தை 32,400 கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் இரண்டு எழுத்தும் இரண்டு எண்ணும் பெயராகத் தந்திருக்கிறார்கள். மதுரையும் இராமேசுவரமும் எம்ஜே99 என்ற ஒரே கட்டத்துக்குள் அடங்கும். எஞ்சியவை சில்லறைக் குறிப்புகள். இந்த 77ஐச் சுற்றி அதைவிட அதிகமான காவல் இருமங்களைச் சேர்த்து 15 நொடிக்கொரு முறை அனுப்புவார்கள். இரு கணினிகளின் கடிகாரமும் ஒத்திருக்க வேண்டும். காதுக்குக் கேட்கவே கேட்காத சமிக்ஞையையும் கணினி எழுத்தாக்கிவிடும்.

அப்படிக் கடல் கடந்து வந்து சேரும் எழுத்து என்ன சொல்கிறது? நான் இன்னார், இந்தக் கட்டம். நீ இன்னார், உன் சமிக்ஞை இவ்வளவு. கிடைத்தது. வணக்கம். அவ்வளவுதான். பெரும்பகுதியை மென்பொருளே வரிசைப்படி அனுப்பிவிடும். சொந்தமாக ஏதாவது சொல்லத் தோன்றினால் 13 எழுத்து இடம் உண்டு. அதுவும் 42 எழுத்துரு கொண்ட பட்டியலிலிருந்து. ரோமன் எழுத்தில் ‘வணக்கம்’ என்று எழுத எட்டு வேண்டும், இடமிருக்கிறது. ‘நன்றி, வணக்கம்’ என்று எழுத முற்புள்ளி இல்லாமலே பதினைந்து ஆகிவிடும், இடமில்லை.

இது உரையாடலே அல்ல, கணினிகள் ஒன்றையொன்று தொட்டுப் பார்த்துக்கொள்வது என்று பழைய ஹாம்கள் பொருமுகிறார்கள். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் நம் ஊரில் ‘மிஸ்டு கால்’ கொடுத்துப் பழகிய ஒருவர் அதை உடனே ஒப்புக்கொள்ள மாட்டார். ஊர் போய்ச் சேர்ந்தேன் என்பதை ஒரு மணியோசையில் சொல்லி, மறுமுனையும் அதைச் சரியாகப் புரிந்துகொண்ட காலம் நமக்கு உண்டு. காசு மிச்சம் என்பது மட்டுமா அதிலிருந்தது? எஃப்டி8 வந்த ஆண்டுகளில் சூரியன் தன் சுழற்சியின் அடிமட்டத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. சிற்றலையில் தொலைதூரத் தொடர்பு அரிதாகிவிட்ட காலம். நகரங்களில் ஒவ்வொரு மின்விளக்கும் மின்னேற்றியும் இரைச்சலைக் கக்குகின்றன. அடுக்ககத்தில் குடியிருப்பவர் மொட்டைமாடியில் கோபுரம் எழுப்ப முடியாது. பலகணியில் ஒரு முழக் கம்பி கட்டலாம். அவருக்கும் கடல்தாண்டி ஒரு பதில் கிடைத்தது இந்த முறையால்தான். பெரிய ஆன்டெனாக்காரரின் உரையாடலை மட்டுமே உரையாடல் என்று சொல்லிவிட எனக்கு மனமில்லை.

ஆனாலும் இழப்பு இழப்புதான். மார்ட்டினெஸ் மனித விரலுக்காக நிறுத்திவைத்த இடத்தை டெய்லர் தாண்டிப் போனார். அவர் கேட்ட கேள்வி வேறு. அலை போய்ச் சேருமா என்பதே இயற்பியலாளரின் கேள்வி. சேர்ந்தபின் என்ன சொல்வது என்பது அவர் கேள்வியல்ல. பிறர் அந்தக் கேள்வியைக் கேட்கத்தான் செய்தார்கள். 2018இல் ஜோர்டன் ஷெரர், எஃப்டி8இன் அதே எலும்புக்கூட்டின் மேல் மனிதர் தட்டச்சு செய்து பேசிக்கொள்ளும் மென்பொருளைக் கட்டினார். ஜேஎஸ்8கால் என்று பெயர். மெதுவானது, நீண்ட வாக்கியம் பல தவணைகளில் வந்து சேரும். பொறுமையுள்ளவர்களுக்கு அதில் மீண்டும் மழையும் தோட்டமும் கிடைக்கின்றன.

தமிழில் எழுதுவது பற்றி ஒரு சொல். அச்சகத்துக் கணக்கு ஆங்கிலத்துக்காகப் போடப்பட்டது. ‘வணக்கம்’ என்பது திஸ்கியில் 5 எண்களுக்குள் அடங்கும். ஒருங்குறியில், இணையத்தில் வழங்கும் வடிவில் 21 ஆகும். பிஎஸ்கே31 போன்ற முறையில் அந்த 21உம் பட்டியலின் கடைக்கோடியில், மிக நீண்ட குறிகளோடு நிற்கும். நம் அச்சுக்கோப்பவரின் பெட்டியை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. எண்ணியிருந்தால் குறுகிய குறி எதற்குக் கிடைத்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம். என் ஊகம், புள்ளிக்கே.

இதையெல்லாம் காதால் கேட்க விரும்புவோர் உடனே உரிமத் தேர்வுக்கு ஓட வேண்டியதில்லை. பல நாடுகளில் ஆர்வலர்கள் தங்கள் வானொலிப் பெட்டிகளை இணையத்தில் பொதுவுக்குத் திறந்து வைத்திருக்கிறார்கள். 14.074 மெகாஹெர்ட்ஸுக்குத் திருப்பினால் பதினைந்து நொடிக்கொருமுறை பல குழல்கள் சேர்ந்து ஊதிச் சட்டென்று ஓய்வது கேட்கும், அது எஃப்டி8. நான்கு கிலோஹெர்ட்ஸ் கீழே, 14.070இல், வாய்த்தால் ஒற்றைக் குழல் ஒன்று இடைவிடாமல் நடுங்கிக்கொண்டிருக்கும். யாரோ ஒருவர் அங்கே தட்டச்சு செய்துகொண்டிருக்கிறார்.